ஆறு தாண்டாத நாள்கள்

“அப்ப ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறவங்க என்னம்மா செய்வாங்க?”

வள்ளிக்கண்ணு இதைக் கேட்டபோது அவளுக்கு எட்டு வயது இருக்கும். அன்று வைகுண்ட ஏகாதசி. மண்ணச்சநல்லூரில் பாதி ஊர் விடியுமுன்பே வண்டி கட்டிக்கொண்டு ஸ்ரீரங்கம் போய்விட்டது. அரிசி ஆலைகளின் புகைபோக்கிகள்கூடச் சும்மா நின்றன. அவள் அம்மா வேலம்மாள் மட்டும் கொல்லையில், கீற்றுச் சார்ப்பின் கீழே, தனித் தட்டும் தனிச் செம்புமாக உட்கார்ந்திருந்தாள். நாம் ஏன் போகவில்லை என்று மகள் நச்சரித்தாள். மாதத்தில் மூன்று நாள் பெண்கள் ஒதுங்கி இருக்க வேண்டும், அந்த நாள்களில் நம் வீட்டுப் பெண்கள் ஆறு தாண்டுவதில்லை, பெருமாளோ ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிறார் என்று வேலம்மாள் பொறுமையாகச் சொன்னாள். அதற்குத்தான் இந்தக் கேள்வி வந்தது.

வேலம்மாள் யோசித்துப் பார்த்தாள்.

“போயி கோழியை அடை, போ” என்றாள்.

நடுப்பகலில் யாரும் கோழியை அடைப்பதில்லை. அம்மாவுக்குப் பதில் தெரியாதபோதெல்லாம் கோழியை அடைக்கச் சொல்வாள் என்பதை வள்ளிக்கண்ணு அதற்குள் கண்டுபிடித்திருந்தாள். அவள் கேட்காத கேள்வி இல்லை. அவள் அப்பா மருதை அரிசி ஆலையில் நெல் அவிப்பவர். அவித்த நெல்லைப் போட்டால் ஏன் முளைக்காது என்று அவரைக் கேட்டாள். வெந்த நெல்லுக்கு உசிர் போயிடும் என்றார் அவர். உசிர் நெல்லில் எந்த மூலையில் இருந்தது என்று கேட்டாள். மருதை பீடியை அணைத்துவிட்டு ஆலைக்கே திரும்பிப் போய்விட்டார்.

வேலம்மாள் அந்த வழக்கத்தை இறுகப் பிடித்துக்கொண்டிருந்ததற்கு ஒரு காரணம் உண்டு. வள்ளிக்கண்ணுக்கு முன்னால் ஓர் ஆண் குழந்தை பிறந்து நடை பழகியிருந்தான். நெருங்கிய சொந்தத்தில் ஒரு கல்யாணம். போகாமல் இருந்தால் பேச்சு வரும் என்று அப்படியொரு நாளில் வேலம்மாள் கொள்ளிடம் தாண்டித் திருச்சிக்குப் போய் வந்தாள். அந்த மாதமே குழந்தை காய்ச்சலில் போய்விட்டான். இரண்டுக்கும் தொடர்பு உண்டா இல்லையா என்பதைப் பெருமாளே அறிவார். பெற்றவளின் நெஞ்சில் அது உண்டு என்று பதிந்துவிட்டது. அதை அறியாமை என்று சொல்லிவிடுவது எளிது. அவளோடு ஓர் இரவு விழித்திருந்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

வள்ளிக்கண்ணு உள்ளூர்ப் பள்ளியில் எஸ்.எஸ்.எல்.சி. தேறினாள். அவர்கள் குடும்பத்தில் அதுவரை யாரும் அந்த வாசலைப் பார்த்ததில்லை. நல்ல மதிப்பெண் வந்ததால் தலைமையாசிரியை தாமே விண்ணப்பம் எழுதி, அரசாங்க உதவிக்கும் வழி செய்து, திருச்சியில் பெண்கள் கல்லூரி ஒன்றில் பி.யூ.சி. வகுப்பில் இடம் வாங்கிக் கொடுத்தார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழாம் வருஷம் அது. விடுதியில் தங்க வசதி இல்லை. காலையில் பஸ் ஏறினால் கொள்ளிடப் பாலம், திருவானைக்காவல், மாம்பழச்சாலை, காவிரிப் பாலம், பிறகு மெயின்கார்டு கேட். இரண்டு ஆறு தாண்டிப் படிப்பு.

கல்லூரியில் எல்லாமே அவளுக்கு வேடிக்கையாக இருந்தது. தாவரவியல் கூடத்தில் ஒரு மிஸ் ஊறின அவரை விதையைப் பிளந்து, உள்ளே மடிந்து படுத்திருந்த சின்னஞ்சிறு முளையைக் காட்டினாள். இதுதான் பின்னால் செடியாகும், கொதிக்கும் சூடு பட்டால் செத்துப்போகும் என்றாள். உசிர் எந்த மூலையில் இருந்தது என்ற கேள்விக்கு எட்டு வருஷம் கழித்துப் பதில் கிடைத்தது. அன்று சாயங்காலம் ஆலை வாசலிலேயே அப்பாவை நிறுத்தி அதைச் சொன்னாள். மருதை நெல்மணி ஒன்றை நகத்தால் பிளந்து வெகுநேரம் பார்த்தார்.

“அடப் பாவமே, இத்தனை வருஷமா இதையா அவிச்சுக்கிட்டிருந்தேன்” என்றார்.

வகுப்பில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவள் ஜீனத். நத்தர் வலி தர்காவுக்குப் பின்புறச் சந்தில் வீடு. அவளுடைய அத்தா முகம்மது கனி பினாங்கில் கடை வைத்திருந்தார். வீட்டில் அவளும் அவள் அம்மா சாரா பீவியும் மட்டும்தான். அந்தச் சந்திலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் பெண் ஜீனத். ஆங்கிலத்தில் பாடம் நடக்கும்போது இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். ஒருத்திக்குப் புரிந்தது பாதி, மற்றவளுக்குப் புரிந்தது மீதி. மதியம் வேப்பமரத்தடியில் இரண்டையும் ஒட்டவைத்துக்கொள்வார்கள்.

டிசம்பர் மாதம், கிறிஸ்துமஸ் லீவுக்கு முன்னால், வகுப்புக்குப் பொறுப்பான மிஸ் வள்ளிக்கண்ணுவைக் கூப்பிட்டு அனுப்பினாள். மாதம் தவறாமல் விடுப்பு எடுத்திருக்கிறாய், பஸ் தவறி வராத நாள்களும் சேர்ந்துகொண்டன, இப்படியே போனால் வருகை போதாது, பரீட்சை எழுத விடமாட்டார்கள், இது பல்கலைக்கழகத்து விதி, நான் ஒன்றும் செய்ய முடியாது என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அறுவடை வேலைக்கு நிறுத்திக்கொள்கிறார்களா என்று கேட்டாள். வள்ளிக்கண்ணு தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவளுக்குக் கல்லூரி வருகையை எண்ணும் என்பதே தெரியாது. ஊர்ப் பள்ளியில் அந்த மூன்று நாளும் எந்தப் பெண்ணும் வரமாட்டாள். டீச்சரும் கேட்கமாட்டார். உலகத்தில் எல்லாப் பள்ளிக்கூடமும் அப்படித்தான் என்று அவள் நினைத்திருந்தாள். கல்லூரி என்பது என்ன எண்ணும், எதை விடும் என்று சொல்ல அவள் வீட்டில் முன்னால் போய் வந்தவர்கள் இல்லை.

வேப்பமரத்தடியில் ஜீனத் விஷயத்தைப் பிடுங்கிக்கொண்டாள். கேட்டதும் வியந்து போனாள். தங்கள் வீட்டில் அந்த நாள்களில் தொழுகை இல்லை, நோன்பு இல்லை, மற்றபடி அடுப்பும் கிணறும் புத்தகமும் வழக்கம்போல்தான் என்றாள். ஜுரம் என்று டாக்டரிடம் ஒரு சர்டிபிகேட் வாங்கிக் கொடுத்துவிடேன் என்று யோசனையும் சொன்னாள்.

வள்ளிக்கண்ணு வீட்டில் அதைச் சொன்னபோது வேலம்மாள் உடனே மறுத்துவிட்டாள்.

“நோவு இல்லாத உடம்புக்கு நோவுன்னு எழுதி வாங்குனா, அந்த நோவு தேடிக்கிட்டு வந்து ஒட்டிக்கும். அது வேண்டாம் தாயி.”

மருதை கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து, இவ்வளவு படித்ததே பெரிசு, போதும் என்று விட்டுவிடலாம் என்றார். சொல்லிவிட்டு அவரே எழுந்து வெளியே போனார். மகளின் முகத்தைப் பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை. விதியை மாற்றக் கல்லூரியால் முடியாது, வழக்கத்தை மாற்றத் தன்னால் முடியாது, நடுவில் பெண் நிற்கிறாள் என்பது வேலம்மாளுக்கு விளங்கிவிட்டது.

மறுநாள் வேலம்மாள் ஆலைக் களத்தில் நெல் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். அவித்த நெல்லைக் களத்தில் பரப்பி, பெண்கள் வரிசையாக நின்று காலாலேயே உழுதுகொண்டு போவார்கள். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை போய், திரும்பி வருவார்கள். அந்த நடையில் மனசு எங்கே வேண்டுமானாலும் போகும். களத்தின் அந்த முனையில் நின்றபோது வேலம்மாளுக்கு என்ன தோன்றியதோ, நெல்லை அப்படியே விட்டுவிட்டு, கால் நிறைய நெல் தூசியோடு வீட்டுக்கு ஓடி வந்தாள்.

“ஏ வள்ளி, நீ சின்னப் புள்ளையில ஒண்ணு கேட்டியே, ஞாபகம் இருக்கா? ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறவங்க என்ன செய்வாங்கன்னு.”

“நீங்க கோழியை அடைக்கச் சொன்னீங்க.”

“அது கிடக்கட்டும். அந்தப் பக்கம் இருக்கிறவங்க அந்தப் பக்கமே இருப்பாங்க. அவ்வளவுதானே? தாண்டக் கூடாதுன்னுதான வழக்கம்? நீ நாலு நாள் முன்னாடியே போயி அந்தப் பக்கம் இருந்துக்க. எல்லாம் முடிஞ்சு தலைக்குத் தண்ணி ஊத்திக்கிட்டுத் திரும்பி வா. பெருமாளுக்கும் குறை இல்ல, உன் காலேஜுக்கும் குறை இல்ல.”

தெய்வம் சில சமயம் குழந்தை வாயில் கேள்வியைப் போட்டு வைக்கிறது. பதிலை வெகுநாள் கழித்து, களத்து வெயிலில் நடந்துகொண்டிருக்கும் ஒரு பெண்பிள்ளையிடம் கொடுத்து அனுப்புகிறது.

அந்தப் பக்கம் யார் வீட்டில் இருப்பது என்பதுதான் அடுத்த கேள்வி. வேலம்மாள் ஒரு சிப்பம் அரிசியோடு ஜீனத் வீட்டு வாசலில் போய் நின்றாள். சாரா பீவி அவளை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தாள். வேலம்மாள் சுற்றி வளைத்துப் பேசினாள். பீவி கடைசிவரை கேட்டாள்.

“ஒரு கதவு, ஒரு கிணறு, ரெண்டு பொம்பளைங்க. மூணாவதா ஒரு புள்ள வந்தா கிணறு வத்திடுமா தங்கச்சி? அரிசியை எடுத்துட்டுப் போங்க.”

“அரிசி எங்களுதில்ல, புள்ளையுது. அது சாப்பிடறதுதான்” என்று வேலம்மாள் சமாளித்தாள்.

வள்ளிக்கண்ணு முதல் தடவை போனபோது கொல்லையில் புது மண்பானையும் புதுச் சட்டியும் தனி அடுப்பும் தயாராக இருந்தன. உங்கள் வழக்கம் உங்களுக்கு, நீயே பொங்கிச் சாப்பிடு, எங்கள் வீட்டில் உனக்குச் சங்கடம் வரக் கூடாது என்றாள் பீவி. அவள் பொங்கினாள். சோறு குழைந்தது, புளிக்குழம்பு வைக்கத் தெரியவில்லை. அடுத்த மாதம் பீவி வைத்த கத்தரிக்காய்க் குழம்பின் வாசனை கொல்லை வரைக்கும் வந்தது. அது என்னவென்று பார்க்க உள்ளே போனவள் சாப்பிட்டுவிட்டே வந்தாள். அம்மாவிடம் சொல்லவில்லை. ஆனால் பெண் கன்னத்தில் சதை பிடித்துத் திரும்பியதை வேலம்மாள் பார்த்தாள். புதுப் பானை எப்படி இருக்கிறது என்று அவளும் கேட்கவில்லை.

மாசி மாதத்தில் ஒரு நாள் வள்ளிக்கண்ணு ஒன்றைக் கவனித்தாள். சாரா பீவி காலையிலிருந்து ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. மகளுக்கும் அவளுக்கும் பரிமாறினாள், பாத்திரம் கழுவினாள், தான் மட்டும் உட்காரவில்லை. அக்கம்பக்கத்தில் எல்லா வீட்டிலும் அடுப்பு எரிந்தது. அப்படியானால் இது நோன்பு மாதம் இல்லை. வள்ளிக்கண்ணுவால் பொறுக்க முடியவில்லை, கேட்டுவிட்டாள்.

பீவி சிரித்தாள். போன நோன்பு மாதத்தில் தனக்கும் அந்த நாள்கள் வந்தன, அப்போது நோன்பு பிடிக்கக் கூடாது, விட்டதை அடுத்த நோன்பு வருவதற்குள் பிடித்துவிட வேண்டும், அதற்குக் களா என்று பெயர் என்றாள்.

“யாராச்சும் கணக்குப் பார்ப்பாங்களா பீவியம்மா?”

“யாரு பார்க்கிறது? படைச்சவன் பார்ப்பான். ஊரே பட்டினி கிடக்கறப்போ கூடக் கிடக்கிறது லேசும்மா. ஊரே சாப்பிடறப்போ தனியாக் கிடக்கணும் பாரு, அதுலதான் இருக்கு.”

சாயங்காலம் பீவி ஒரு பேரீச்சம்பழத்தை வாயில் போட்டு, தண்ணீர் குடித்ததை வள்ளிக்கண்ணு கிணற்றடியிலிருந்து பார்த்தாள். கடன் தீர்ந்தவளின் முகம் எப்படி இருக்கும் என்று அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை.

வருகை போதுமான அளவுக்கு வந்துவிட்டது. ஹால் டிக்கெட்டும் கைக்கு வந்தது. பரீட்சை பங்குனியில். அந்த வருஷம் நோன்பு மாதமும் பங்குனியில்தான் வந்தது.

இங்கேதான் வள்ளிக்கண்ணு ஒரு பிசகு செய்தாள். நல்ல மனசினால் செய்த பிசகு. பீவி வீட்டில் அம்மாவும் மகளும் பட்டினி கிடக்கும்போது தான் ஒருத்தி சாப்பிடுவதற்காக அங்கே அடுப்பு எரியக் கூடாது என்று எண்ணினாள். வழக்கம்போல் முன்னாலேயே போகாமல், பரீட்சைக்கு முந்தின நாள் போனால் போதும், அந்த நாள்கள் வர இன்னும் காலம் இருக்கிறது என்று ஊரிலேயே இருந்து படித்தாள்.

முந்தின நாள் காலையில் வேலம்மாளும் கூடப் புறப்பட்டாள். ஸ்ரீரங்கத்தில் இறங்கிப் பெருமாளைச் சேவித்துவிட்டு, பிறகு மகளைப் பீவி வீட்டில் விட்டு வருவதாக ஏற்பாடு. பஸ் கொள்ளிடம் தாண்டியது. ஸ்ரீரங்கத்தில் பங்குனி உற்சவக் கூட்டம். மொட்டைக் கோபுரத்தடியில் வேலம்மாள் துளசி வாங்கக் குனிந்தபோது வள்ளிக்கண்ணு அவள் புடவையைத் தொட்டு இழுத்தாள்; உடனே கையை எடுத்துக்கொண்டு நாலடி பின்னால் போய் நின்றாள். வேலம்மாள் மகளின் முகத்தைப் பார்த்தாள். கேட்க வேண்டியிருக்கவில்லை.

கூட்டத்தை விட்டு இருவரும் விலகி நடந்தார்கள். முன்னால் அம்மா, பின்னால் மகள். மாம்பழச்சாலையில் ஒரு மரத்தடியில் வேலம்மாள் உட்கார்ந்தாள். திரும்பிப் போனால் கொள்ளிடம். முன்னால் போனால் காவிரி. அக்கரையில் மலைக்கோட்டை தெரிந்தது. அதற்குக் கீழே எங்கோ, மறுநாள் காலையில், வள்ளிக்கண்ணுவின் எண் ஒட்டிய மேஜை காத்திருந்தது. இதை விட்டால் ஒரு வருஷம் போகும். ஒரு வருஷம் வீட்டில் நின்ற பெண்ணை மறுபடி படிக்க அனுப்பிய குடும்பம் அவர்கள் பக்கத்தில் எதுவும் இல்லை. அதற்குள் யாராவது பெண் கேட்டு வந்துவிடுவார்கள்.

வள்ளிக்கண்ணு மெதுவாகச் சொன்னாள்.

“ஆத்துல தண்ணியே இல்லம்மா. எல்லாம் மணல்.”

“தண்ணி இல்லேன்னா ஆறு இல்லாமப் போயிடுமா? உங்கப்பன் சம்பளம் வாங்காத அன்னிக்கு அப்பன் இல்லையா?”

சொல்லிவிட்டு வேலம்மாளுக்கே சிரிப்பு வந்தது. சிரிக்க ஆரம்பித்தவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். போன பிள்ளையின் பெயரை அவள் பல வருஷமாகச் சொன்னதில்லை. அன்று சொன்னாள். ராமர் இருந்திருந்தால் அவனைத்தான் காலேஜுக்கு அனுப்பியிருப்போம் என்றாள். அவனை ஆறு தாண்டிப் பறிகொடுத்தேன், உன்னையும் பறிகொடுக்கச் சொல்கிறாயா என்றாள். வள்ளிக்கண்ணு பயந்து போனாள். பரீட்சை வேண்டாம், ஊருக்கே போய்விடலாம் என்றாள்.

“ஊருக்குப் போறதுக்கும் ஆறுதான தாண்டணும்?” என்றாள் வேலம்மாள்.

அது அவள் மகள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அதைத் தானே கேட்டுவிட்டதில் வேலம்மாளுக்கு எங்கோ ஒரு முடிச்சு தளர்ந்தது போலிருந்தது. எழுந்து நின்று, கோபுரம் இருந்த திசையைப் பார்த்துக் கைகூப்பினாள்.

“தாண்டறது அவ இல்ல, சாமி. நான் தாண்ட வைக்கிறேன். கேக்கிறதா இருந்தா என்னைக் கேளு. என் புள்ளையைக் கேக்காத.”

பிறகு அவள் செய்ததை வள்ளிக்கண்ணு கடைசிவரை மறக்கவில்லை. அந்த நாள்களில் வேலம்மாள் மகளைத் தொட்டதே இல்லை. செம்பைக்கூடத் தரையில் வைத்துத்தான் நகர்த்துவாள். அவள் வந்து மகளின் கையைப் பிடித்தாள். சின்னக் குழந்தையைப் பிடிப்பது போல விரல்களுக்குள் விரல் கோத்துப் பிடித்தாள். பஸ் ஏறவில்லை. மற்றவர்மேல் பட வேண்டாம் என்று பாலத்தின் ஓரமாகவே நடந்தார்கள். கீழே மணலில் யாரோ வெள்ளரிக் கொடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அக்கரை சேர்ந்த பிறகும் வேலம்மாள் கையை விடவில்லை.

சாரா பீவி கதவைத் திறந்ததும் முதலில் வள்ளிக்கண்ணுவைத்தான் பிடித்துக்கொண்டாள். போன வாரமே வரவேண்டியவள் ஏன் வரவில்லை என்று கேட்டாள். காரணம் தெரிந்ததும் இன்னும் கோபம் வந்தது.

“நாங்க நோன்பு பிடிச்சா நீ பட்டினி கிடக்கணுமா? பசிச்ச புள்ளைக்குச் சோறு போடாத நோன்பை எவன் கேட்டான்?”

பிறகு வேலம்மாளின் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். வேலம்மாள் நடந்ததைச் சொன்னாள். குழந்தையைப் பற்றியும் சொன்னாள். இரண்டு பெண்களும் வெகுநேரம் சமையலறை வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேரும் அன்று எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. ஒருத்தி நோன்பினால், ஒருத்தி பயத்தினால். உள்ளே புத்தகத்தை விரித்து வைத்திருந்த வள்ளிக்கண்ணுவுக்கு ஒரு வரியும் ஓடவில்லை. காது வாசலில் இருந்தது.

உங்கள் சாமி விஷயத்தில் நான் சொல்ல ஒன்றும் இல்லை, எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது இது என்று தொடங்கிப் பீவி களா நோன்பைப் பற்றிச் சொன்னாள்.

“விட்டதைப் பின்னாடி கழிச்சுக்கலாமா?” என்று வேலம்மாள் கேட்டாள். அவள் குரல் மாறியிருந்தது.

“கழிச்சுக்கலாம் தங்கச்சி. அதுக்குத்தான வச்சிருக்கான். மனுசங்க தவறுவாங்கன்னு அவனுக்குத் தெரியாதா?”

“யாரும் பார்க்க வேண்டியதில்லையா?”

“பார்க்காம இருந்தா இன்னும் நல்லது.”

வேலம்மாள் தலையை ஆட்டினாள். அப்படியானால் இது என் கணக்கு, நான் கழித்துக்கொள்கிறேன் என்றாள். பயந்து வந்தவள் போலவே இல்லை. சந்தையில் கடன் சொல்லிச் சாமான் வாங்கியவள் போல நிம்மதியாக எழுந்தாள். திரும்பிப் போகும்போது ஸ்ரீரங்கத்தில் இறங்கவில்லை. குளித்து முழுகாமல் கோயிலுக்குப் போவது சரியில்லை என்று, பஸ்ஸிலிருந்தே கும்பிட்டுக்கொண்டு போனாள்.

பரீட்சை நாள்களில் தினமும் மதியம் சாரா பீவி வள்ளிக்கண்ணுக்குச் சுடுசோறு வைத்துக் காத்திருந்தாள். வெறும் வயிற்றோடு அடுப்பின் முன் நின்று, உப்பு இருக்கிறதா என்று வாயில் விட்டுப் பார்க்க முடியாமல், குத்துமதிப்பாகப் போட்டுச் சமைத்தாள். ஒரு நாள் உப்பு அதிகம். ஒரு நாள் உப்பே இல்லை. வள்ளிக்கண்ணு இரண்டையும் ஒரே மாதிரி சாப்பிட்டாள். இவள் சாப்பிடுவதைப் பீவி பார்த்துக்கொண்டிருந்த விதத்தில், பசித்தவளின் பார்வை ஒரு துளியும் இல்லை. அது எப்படி முடிகிறது என்பதுதான் வள்ளிக்கண்ணுக்குப் புரியவில்லை. எந்தப் பாடப் புத்தகத்திலும் அது இல்லை.

அவளும் ஜீனத்தும் தேறினார்கள். ஜீனத் பி.ஏ.வுக்குப் போனாள், வள்ளிக்கண்ணு தாவரவியலில் பி.எஸ்ஸி.க்குப் போனாள். அடுத்து வந்த வருஷங்களிலும் மாதம் தவறாமல் அவள் அந்தச் சந்துக்குப் போய்வந்தாள். புது மண்பானையில் பீவி துளசி நட்டுவிட்டாள். பானை வீணாகப் போகக் கூடாதாம். பட்டம் வாங்கிய அன்று மருதை மகளைப் பார்க்க வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். ஆலையிலிருந்து ஒரு பிடி விதைநெல் கொண்டு வந்திருந்தார். அவிக்காத நெல்.

பிறகு வள்ளிக்கண்ணு ஆசிரியர் பயிற்சியும் முடித்து, மருங்காபுரிப் பக்கம் ஓர் உயர்நிலைப் பள்ளியில் விஞ்ஞான டீச்சரானாள். ஜீனத் கல்யாணமாகிக் காரைக்காலுக்குப் போனாள். சாரா பீவி கணவரோடு பினாங்குக்கே போய்ச் சேர்ந்தாள். அந்தச் சந்து வீட்டில் வேறு யாரோ குடியிருந்தார்கள்.

ஒரு தடவை ஊருக்குப் போயிருந்தபோது வள்ளிக்கண்ணு அம்மாவைக் கேட்டாள். அன்று பாலத்தில் தாண்டினோமே, அந்தக் கணக்கைக் கழித்துவிட்டீர்களா என்று. வேலம்மாள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“போயி கோழியை அடை” என்றாள்.

வேலம்மாள் கழித்தாளா, எத்தனை தடவை கழித்தாள், எந்த நாளில் என்பது மகளுக்குக் கடைசிவரை தெரியவில்லை. தெரியாமல் இருப்பதுதான் முறை என்பதும் அவளுக்கு விளங்கியது. ஆனால் தன் கணக்கு ஒன்று தனியாக இருப்பதும் அன்றுதான் விளங்கியது.

அறுபத்து நாலாம் வருஷம் ஆடி மாதம். விசேஷம் எதுவும் இல்லாத ஒரு சாதாரண நாள். மருங்காபுரிப் பக்கத்தில் ஆறும் இல்லை, அந்த வருஷம் மழையும் இல்லை. செம்மண் காற்று பள்ளிக்கூடத்து ஜன்னல்களை அடித்துக்கொண்டிருந்தது. வள்ளிக்கண்ணு விடியுமுன் எழுந்து, குளித்து, பெருமாள் படத்துக்கு முன்னால் விளக்கேற்றினாள். ஒருவர் நோன்பை இன்னொருவர் பிடித்துக்கொடுக்க முடியாது என்பது அவளுக்குத் தெரியும். அம்மாவின் பாவத்தை மகள் சுமக்க முடியாது என்பதும் தெரியும். ஆனாலும் பங்குனி வெயிலில் தனக்காக வெறும் வயிற்றோடு அடுப்பில் நின்ற ஒருத்திக்காகவும், தொடக் கூடாத நாளில் தன் கையைத் தொட்ட ஒருத்திக்காகவும், ஒரு பகல் பொழுதையாவது பட்டினியாக வைக்க வேண்டும் என்று தோன்றியது. அதை எந்தப் பெயரில் வரவு வைப்பது என்பதைப் பெருமாளே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள்.

வழக்கம்போல் தயிர்சாதம் கட்டி எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனாள். கடைசி வரிசையில் பொன்னுத்தாய் என்று ஒரு பெண். வெகுதூரம் நடந்து வருபவள். மதியத்தில் எல்லோரும் சாப்பிடும்போது அவள் குழாயடியில் தண்ணீர் குடித்துவிட்டு, பசிக்கவில்லை என்று சிரிப்பாள். நாலாவது பீரியடில் வகுப்பு முழுவதும் டிரில்லுக்கு மைதானத்தில் இருந்தது. வள்ளிக்கண்ணு காலியான வகுப்பறைக்குள் போய், இலைப் பொட்டலத்தைப் பொன்னுத்தாயின் பைக்குள், புத்தகங்களுக்கு மேலே, சாயாமல் வைத்தாள். திரும்பி வரும்போது வராந்தாவில் யாரும் இல்லை.

மதியத்துக்கு மேல் தொண்டை வறண்டது. ஒன்பதாம் வகுப்பில் விதை முளைப்பதைப் பற்றிப் பாடம். பேசப் பேச நாக்கு ஒட்டிக்கொண்டது. ஒரு பெண் எழுந்து அவித்த நெல் ஏன் முளைக்காது என்று கேட்டாள். வள்ளிக்கண்ணு சாக்குக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு, அந்தக் கேள்விக்கு மணி அடிக்கும்வரை பதில் சொன்னாள்.

வீட்டுக்கு வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. அடுத்த வீட்டுக்காரி காப்பி கொண்டு வந்தாள். அப்புறம் குடிப்பதாகச் சொல்லி வாங்கி வைத்துக்கொண்டாள். மேற்கே பாறைக்குப் பின்னால் சூரியன் முழுவதும் இறங்கியதை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். பிறகு கதவைச் சாத்தித் தாழிட்டுவிட்டு, குடத்திலிருந்து ஒரு செம்புத் தண்ணீர் மொண்டு, நின்றபடியே குடித்தாள்.